வாக்கெடுப்பு ஆப்பை மறுவடிவமைக்கும்போது ஆராய்ச்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நண்பர்களிடமும் பொதுவிலும் கருத்துக் கேட்கும் சமூக வாக்கெடுப்பு ஆப் ஒன்றை, யூசர் ரிசர்ச் (பயன்படுத்துபவர்களைப் பற்றிய ஆராய்ச்சி) செய்து மறுவடிவமைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

செய்திருக்கிறேன். நான் யூஎக்ஸ் ரிசர்ச்சராக, அதாவது இந்த ஆராய்ச்சியைச் செய்பவராக, இருந்த ஒரு சிறிய நிறுவனத்தில் இப்படி ஒரு ஆப் இருந்தது. கல்லூரி மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். கேள்வி போடலாம், நான்கு விடை வரை கொடுக்கலாம், தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வாக்களிப்பார்கள். பிரச்சினை என்னவென்றால், ஆப்பைத் திறப்பார்கள், கொஞ்ச நேரம் ஃபீடைத் தள்ளிப் பார்ப்பார்கள், எதிலும் வாக்களிக்காமல் மூடிவிடுவார்கள். டிசைன் பழசாகிவிட்டது, நிறத்தையும் ஐகானையும் மாற்றினால் போதும் என்பது மேலே இருந்தவர்களின் கருத்து.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் பட்டனைத் தொடும் முன் மனதில் ஓடுவது, ‘நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று யாருக்கெல்லாம் தெரியும்?’ என்பதுதான். நிறம், ஐகான், அனிமேஷன் எல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் ஆராய்ச்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.

இது இன்டர்வியூவில் நேரடியாகக் கேட்டால் வெளியே வராது. ‘இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நேரம் ஒதுக்கி வந்து உட்கார்ந்திருப்பவர், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? அதனால் நான் வேறு மாதிரி கேட்டேன்: ‘கடைசியாக நீங்கள் வாக்களித்தது எதில்? போனை எடுத்துக் காட்டுங்கள்.’ பெரும்பாலானவர்கள் திறந்தது எங்கள் ஆப்பை அல்ல, வாட்ஸ்அப்பை. வகுப்புக் குழுவில் சுற்றுலா ஊட்டியா கொடைக்கானலா, விடுதிக் குழுவில் ஞாயிறு மதியம் பிரியாணியா பரோட்டாவா, இப்படி. அடுத்து, ‘இது வந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் கதை வரும். சீனியர்கள் எதைப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போட்டேன் என்றார் ஒருவர். நெருங்கிய தோழி ஒரு பக்கம் இருந்ததால் நானும் அந்தப் பக்கம் என்றார் இன்னொருவர். முதலில் ஒன்றைத் தொட்டு, பிறகு எடுத்துவிட்டு, கடைசியில் வாக்களிக்காமலே விட்டவரும் இருந்தார்.

இதைக் கேட்ட பிறகுதான் மற்ற தளங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தோம். ஒரே வேலையை ஒவ்வொருவரும் எவ்வளவு வேறுவேறாகச் செய்திருக்கிறார்கள் என்பதை நீங்களும் பார்க்க வேண்டும். ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) 2015 அக்டோபரில் வாக்கெடுப்பு வந்தது. யார் எதற்கு வாக்களித்தார் என்பது கேள்வி போட்டவருக்குக்கூடத் தெரியாது. 2017 அக்டோபரில் வந்த இன்ஸ்டாகிராம் ஸ்டோரி வாக்கெடுப்பில், போட்டவருக்குப் பெயர் தெரியும், மற்றவர்களுக்குச் சதவீதம் மட்டும்தான். டெலிகிராம் 2018 டிசம்பரில் பெயர் தெரியாத வாக்கெடுப்போடு தொடங்கி, 2020 ஜனவரியில் பெயர் தெரியும் வகையையும் சேர்த்தது. 2022 நவம்பரில் வாட்ஸ்அப் கொண்டுவந்த வாக்கெடுப்பில், யார் எதைத் தொட்டார் என்று குழுவில் உள்ள எல்லாரும் பார்க்கலாம்.

இதில் எது சரி என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சனிக்கிழமை விளையாட டர்ஃப் மைதானத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்கும்போது பெயர் தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கே பயன் இல்லை. புது மேனேஜர் எப்படி என்று கேட்கும்போது பெயர் தெரிந்தால் ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆப்பில் இருந்த கோளாறு, வாக்கு யாருக்குத் தெரியும் என்பதை எங்கேயும் சொல்லாததுதான். உண்மையில் அது யாருக்கும் தெரியாது. ஆனால் வாட்ஸ்அப் பழக்கத்தில் வந்தவர்கள், எல்லாருக்கும் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் தெரியும் வகையையும் சேர்த்து, விடைகளுக்கு நேர் மேலே ‘உங்கள் வாக்கு யாருக்கும் தெரியாது’ அல்லது ‘உங்கள் பெயர் இந்தக் குழுவுக்குத் தெரியும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். மறுவடிவமைப்பில் நாங்கள் செய்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரிதான் அதிகம் வேலை செய்தது என்பது என் உறுதியான எண்ணம். புரோட்டோடைப் டெஸ்டில், அதாவது மாதிரி வடிவத்தைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதித்தபோது, விரல் அந்த வரியில் ஒரு கணம் நின்று, பிறகு விடையைத் தொடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

அடுத்தது முடிவை எப்போது காட்டுவது என்பது. எங்கள் ஆப்பில் வாக்களித்தால்தான் முடிவு தெரியும். பல தளங்களிலும் இப்படித்தான். ஆனால் நிறையப் பேருக்கு அந்த விஷயத்தில் கருத்தே இருக்காது, ஊர் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போதும். அவர்கள் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு முடிவைப் பார்ப்பார்கள். அந்தப் பொய் வாக்கும் கணக்கில் சேர்ந்துவிடும். ட்விட்டரில் பலர் கடைசி விடையாக ‘முடிவை மட்டும் பார்க்க’ என்று தாங்களே எழுதி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பயனர்கள் இப்படி ஒரு வழியைத் தாங்களே கண்டுபிடித்திருந்தால், அதை ஆப்பே கொடுத்துவிட வேண்டும். வாக்கில் சேராத தனி இணைப்பாக அதை வைத்தோம். மொத்த வாக்கு எண்ணிக்கை குறையும் என்று எதிர்ப்பு வந்தது. குறையத்தான் செய்தது. கேள்வி போடுபவருக்கு நம்பகமான முடிவு கிடைக்காவிட்டால் அவர் மறுபடி கேட்க மாட்டார் என்று சொல்லி அந்த இணைப்பை அப்படியே வைத்துக்கொண்டோம்.

அப்படியானால் முதலிலேயே எல்லாருக்கும் முடிவைக் காட்டிவிடலாமே என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். வேண்டாம். மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிமுகமில்லாத பாடல்களைக் கொடுத்தார்கள். சிலருக்கு மற்றவர்களின் டவுன்லோட் எண்ணிக்கையைக் காட்டினார்கள், சிலருக்குக் காட்டவில்லை. எண்ணிக்கை தெரிந்த குழுக்களில் பிரபலமான பாட்டு இன்னும் பிரபலமானது. எது பிரபலமாகும் என்பதோ குழுவுக்குக் குழு மாறியது. முன்கூட்டியே முடிவைக் காட்டும் வாக்கெடுப்பிலும் முதலில் வந்த சிலரின் கருத்து இப்படித்தான் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போகும்.

சதவீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று பேர் வாக்களித்த கேள்வியில் எங்கள் ஆப் ‘67%’ என்று பெரிய எழுத்தில் காட்டியது. பார்ப்பவர் அதை ஊரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார். வாக்குகள் குறைவாக இருக்கும்வரை ‘3 பேரில் 2 பேர்’ என்று மட்டும் காட்டும்படி மாற்றினோம். வாக்குகள் ஏராளமாக இருந்தாலும் யார் வாக்களித்தார்கள் என்பது முக்கியம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தும், லேண்டன் ஜெயிப்பார் என்று தவறாகச் சொன்னது. ஜெயித்தது ரூஸ்வெல்ட். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து ஆட்களை எடுத்ததும், எடுத்தவர்களிலும் ஆர்வம் உள்ளவர்கள் மட்டுமே பதில் அனுப்பியதும் காரணங்கள். உங்கள் ஆப்பில் வாக்களிப்பவர்களும் தாங்களாக முன்வருபவர்கள்தான். ஆகவே முடிவுப் பக்கத்தில் ‘இளைஞர்களின் கருத்து இதுதான்’ என்கிற மாதிரி வாசகம் எதுவும் வர விடாதீர்கள்.

கேள்வி போடும் பக்கத்துக்கு வருகிறேன். கேள்வி எழுதச் சொன்னால் பெரும்பாலானவர்கள் காலிப் பெட்டியைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். 2017-ல் ஃபேஸ்புக் வாங்கிய டிபிஎச் என்ற ஆப் இதை வேறு விதமாகத் தீர்த்தது: கேள்விகள் தயாராக இருக்கும், எல்லாம் பாராட்டாகவே இருக்கும், நான்கு நண்பர்களில் ஒருவரைத் தொட்டால் போதும். அடுத்த ஆண்டே அதை மூடிவிட்டார்கள் என்றாலும், அந்த யோசனை படிக்க வேண்டிய ஒன்று. எங்களுக்கு வழி கிடைத்தது துணிக்கடையில். ஒரு பெண் தன் போனில் காட்டினார்: இரண்டு சேலைகளின் படம், அக்கா தங்கைகள் இருக்கும் குழுவில், ‘எது?’ என்ற ஒரே சொல். பதில்கள் ‘2’, ‘2’, ‘ரெண்டாவது, ஆனா பார்டர் பெருசு’. அவருக்குத் தேவை கடையை விட்டு வெளியே வரும் முன் நாலு பேரின் பதில். மறுநாள் வரும் இருநூறு வாக்குகளை வைத்து அவர் என்ன செய்வார்? அதனால் கேள்வி போடும் பக்கத்தை கேமராவோடு திறக்கும்படி வைத்தோம். இரண்டு படம் எடு, யாருக்கு என்று தேர்ந்தெடு, எவ்வளவு நேரம் என்று சொல். எழுதுவது விருப்பம் இருந்தால் மட்டும்.

தமிழில் பயன்படுத்துபவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் சோதியுங்கள். நீளமான விடையை எங்கள் ஆப் பாதியில் வெட்டி மூன்று புள்ளி போட்டது. ‘ஒத்துக்கொள்கிறேன்’, ‘ஒத்துக்கொள்ளவில்லை’ இரண்டுமே சின்ன ஸ்கிரீனில் ‘ஒத்துக்கொள்...’ என்று நின்றன. நம் மொழியில் மறுப்பு சொல்லின் கடைசியில் வருகிறது, வெட்டு விழுவதும் அங்கேதான். எழுத்து வரம்பும் இதே கதை. ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்பதில் நம் கண்ணுக்கு 10 எழுத்து, கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் கணக்கில் 18 குறியீடுகள். விடைகளை இரண்டு வரியாக மடிய விட்டு, வரம்பைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்து எண்ணச் சொன்னோம்.

எத்தனை பேரைச் சோதிப்பது என்று கேட்பீர்கள். ஐந்து பேர் போதும் என்று யூசபிலிட்டி (பயன்பாட்டு எளிமை) நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிக்க அது சரி, அதுவும் திருத்தித் திருத்தி ஐந்து ஐந்து பேராகப் பார்த்தால்தான். எத்தனை சதவீதம் பேருக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஐந்து பேரைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆட்களைத் தேடும்போது நிறைய வாக்களிப்பவர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள், ஆர்வமாகப் பேசுவார்கள். அவர்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஆப்பைத் திறந்துவிட்டு வாக்களிக்காமல் போனவர்களை முதலில் கூப்பிடுங்கள், அவர்கள் தாண்டிப்போன கேள்விகளை அவர்கள் போனிலேயே திறக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: வாட்ஸ்அப் குழுவைக் காட்டும்போது அதில் மற்றவர்களின் பெயரும் வாக்கும் இருக்கும், அவர்கள் உங்களுக்கு அனுமதி தரவில்லை. ஸ்கிரீனை ரெக்கார்ட் செய்யாமல் கையால் குறிப்பு எடுங்கள், பெயர்களை எழுதாதீர்கள்.