'மஸ்ட்' எங்கே, 'ஹேவ் டு' எங்கே? கேள்வி பதில்

கேள்வி (பாளையங்கோட்டை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): ஐயா, 'மஸ்ட்', 'ஹேவ் டு', 'நீட் டு' மூன்றுக்கும் 'வேண்டும்' என்றே பொருள் சொல்லித் தருகிறார்கள். எதை எழுதினாலும் சரிதானா?

பதில்: பல இடங்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டாலும் வாக்கியம் பிழையாகாது. ஆயினும் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வேறுபாடு புலப்படும். ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று தாய் மகனிடம் சொன்னால், அவர் தம் அதிகாரத்தில் விதிப்பதால் 'யூ மஸ்ட் பி ஹோம் பை நைன்' என்பார். அதே செய்தியை மகன் ஜங்ஷனில் நிற்கும் நண்பர்களிடம் சொல்லும்போது, விதித்தவர் வேறொருவர் என்பதால் 'ஐ ஹேவ் டு பி ஹோம் பை நைன்' என்பான். 'நீட் டு' என்பதில் ஆணையின் வாடை குறைவு; ஒரு காரியம் நடப்பதற்கு இன்னது தேவை என்பதே அதில் மேலோங்கி நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'மஸ்ட்' புழக்கம் குறைந்து வந்திருக்கிறது. ஆகவே, பேச்சில் ஐயம் வந்தால் 'ஹேவ் டு' என்று சொல்லிவிடுவது பாதுகாப்பு.

கேள்வி (அம்பாசமுத்திரம், ஆலை அலுவலகப் பணியாளர்): ஆனித் தேரோட்டத்தன்று வேலைக்கு வர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சுற்றறிக்கை எழுதினேன். 'யூ மஸ்ட் நாட் கம்' என்று எழுதியதை மேலாளர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அவர் அடித்தது முறைதான். 'மஸ்ட்' என்பதும் 'ஹேவ் டு' என்பதும் உடன்பாட்டில் அண்ணன் தம்பியாகத் தெரிந்தாலும், எதிர்மறையில் முற்றிலும் பிரிந்துவிடுகின்றன. 'மஸ்ட் நாட்' என்பதில் 'நாட்' கட்டாயத்தை நீக்குவதில்லை. வராமல் இருப்பதையே கட்டாயமாக்குகிறது. ஆகவே அது 'வரக்கூடாது' என்னும் தடை. 'டோன்ட் ஹேவ் டு கம்', 'நீட் நாட் கம்' ஆகியவற்றிலோ கட்டாயமே நீங்கிவிடுவதால் 'வர வேண்டியதில்லை' என்று பொருள்படும், விரும்பினால் வரலாம். நீங்கள் எழுதியதைப் படித்த தொழிலாளி, அன்று ஆலை வாசலை மிதித்தால் நடவடிக்கை வரும் என்றுதான் எண்ணியிருப்பார். தடுமாற்றத்துக்குக் காரணம் நம்முடைய 'வேண்டாம்' என்னும் சொல்தான். 'நாளைக்கு வர வேண்டாம்' என்பது விடுமுறையையும் குறிக்கும், வேலையை விட்டு நிறுத்துவதையும் குறிக்கும். சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். எனவே ஆங்கிலத்தில் எழுதுமுன், நீங்கள் நினைப்பது 'கூடாது' என்பதா, 'வேண்டியதில்லை' என்பதா என்று தமிழிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று: 'மஸ்ட்ன்ட்' என்று சுருக்கிச் சொல்லும்போது நடுவிலுள்ள 'ட்' ஒலிக்காது, 'மஸ்ன்ட்' என்பதே உச்சரிப்பு.

கேள்வி (சங்கரன்கோவில், ஆசிரியப் பயிற்சி மாணவி): 'மஸ்ட்' என்பதற்கு இறந்தகாலம் ஏன் இல்லை?

பதில்: அதுவே ஒரு காலத்தில் இறந்தகால வடிவமாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் 'மோட்டன்' என்றொரு வினை இருந்தது. அதன் இறந்தகாலமான 'மோஸ்டெ' நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்து 'மஸ்ட்' ஆயிற்று. எனவே நேற்றைய கட்டாயத்துக்கு 'ஹேட் டு' என்று எழுத வேண்டும். 'மஸ்ட் ஹேவ்' என்பது கட்டாயமன்று, அனுமானம். இங்கேயும் தமிழ் நம்மை இடறிவிடும். 'அவர் பணம் கட்டியிருக்க வேண்டும்' என்றால், கட்டாமல் விட்டதைக் குறை சொல்வதாகவும் கொள்ளலாம், கட்டியிருப்பார் என்று ஊகிப்பதாகவும் கொள்ளலாம். முன்னதற்கு 'ஷுட் ஹேவ் பெய்ட்'. பின்னதற்கு 'மஸ்ட் ஹேவ் பெய்ட்'. கட்டியிருக்க வாய்ப்பே இல்லை என்று ஊகித்தால் 'கான்ட் ஹேவ் பெய்ட்' என்பதே வழக்கு.

கேள்வி (தென்காசி): 'ஹி நீட்ஸ் நாட் கோ' சரியா, அண்ணாச்சி?

பதில்: தவறு. 'ஹி நீட் நாட் கோ' அல்லது 'ஹி டஸ் நாட் நீட் டு கோ' என்று எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். குற்றாலத்துக்குக் குடையை வீணாகச் சுமந்து சென்றிருந்தால் 'ஐ நீடன்ட் ஹேவ் டேக்கன் இட்' எனலாம். 'ஐ டிடன்ட் நீட் டு டேக் இட்' என்றால் குடை தேவைப்படவில்லை என்பது மட்டுமே தெரியும். எடுத்துச் சென்றீர்களா என்பது தெரியாது.

கேள்வி (வள்ளியூர்): வெளிநாட்டு நண்பரை 'யூ மஸ்ட் கம் டு அவர் ஹவுஸ்' என்று அழைத்தால் அதட்டுவதுபோல் ஆகாதா?

பதில்: ஆகாது. ஊருக்கு வந்தவரை 'சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்' என்று நாம் மறிப்பது போன்ற உரிமை அது; கேட்பவருக்கு நன்மை தரும் செயலானால் ஆங்கிலேயரும் 'மஸ்ட்' என்றே வற்புறுத்துவார்கள். பயன் உங்களுக்கு என்னும்போதுதான் அது அதிகாரமாக ஒலிக்கும். மேலதிகாரியிடம் கோப்பை நீட்டி 'யூ மஸ்ட் சைன் திஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். 'குட் யூ ப்ளீஸ் சைன் திஸ்' என்று கேளுங்கள்.