14 கார்களும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 37. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வேலை மாரத்தஹள்ளி பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். மனைவி, ஆறு வயதில் ஒரு மகள். வீட்டில் சண்டை சச்சரவு இல்லை, கடன் இல்லை. என் பிரச்சினையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பொம்மைக் கார்.

ஹாட் வீல்ஸ் சேர்க்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற கார்கள், 1:64 அளவு. 1968-லிருந்து மாட்டெல் கம்பெனி போடுகிறது, உலகம் முழுக்க என்னைப் போன்ற பெரியவர்கள் சேர்க்கிறார்கள், அதனால் குழந்தைத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். என்னிடம் எண்ணூறுக்கு மேல் இருக்கிறது. இதற்கென்றே பெங்களூரில் ஒரு வாட்ஸ்அப் குரூப், இருநூறு பேர் இருப்போம். நான்கு வருடம் அதில் இருந்தேன். போன மாதம் அட்மின் என்னைத் தூக்கிவிட்டார். நான் ‘ஸ்கால்ப்பர்’ ஆம். கடையில் நல்ல கார்களை அள்ளிக்கொண்டு வந்து இரண்டு மடங்கு, மூன்று மடங்குக்கு விற்கிறவனை எங்கள் வட்டாரத்தில் அப்படித்தான் திட்டுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். சிவாஜிநகரில் ஒரு பொம்மைக் கடை, பத்துக்குப் பத்து கூட இருக்காது. கடைக்காரர் ஆம்பூர்க்காரர், பாய் என்று கூப்பிடுவேன். சனிக்கிழமை காலையில் சரக்கு வரும், ஒரு பெட்டிக்கு 72 கார். நான் போகிறவரை பிரிக்க மாட்டார். போனதும் கல்லாவிலிருந்து பிளேடை எடுத்து நீட்டி “நீயே பிரி தம்பி” என்பார். மகளும் கூட வருவாள், அவளுக்கு ஒரு கடலை மிட்டாய் உண்டு.

தீபாவளி சமயம் ஒரு ஆன்லைன் தளத்தில் 179 ரூபாய் எம்.ஆர்.பி. கார்களை 119-க்குப் போட்டார்கள். ஆன்லைனில் வாங்கினால் எந்தக் கார் வரும் என்றே தெரியாது, அனுப்புகிறதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஸ்கிரீன்ஷாட்டை பாயிடம் காட்டினேன். “எனக்கே 145 விழுது தம்பி” என்றார். கொஞ்ச நேரம் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் “சரி, உனக்காக. எடுத்துக்கோ” என்றார். 14 கார் எடுத்தேன். எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தள்ளுபடி முந்தின நாள் ராத்திரியே முடிந்திருந்தது, ஆனால் விலை விலைதானே. அமெரிக்காவில் பெரிய பெரிய கடைகளே இப்படிக் காட்டினால் குறைத்துக் கொடுக்கிறார்கள், ‘பிரைஸ் மேட்ச்’ என்று பெயரே இருக்கிறது. நான் கத்தியையா காட்டினேன், போனைத்தானே காட்டினேன்?

அந்த 14-ல் நான்கை குரூப்பில் விற்றேன். இரண்டு ஸ்கைலைன் 450 வீதம், ஒரு போர்ஷே 400, ஒரு டிரெஷர் ஹன்ட் 700. டிரெஷர் ஹன்ட் என்றால் காரின் மேல் சின்னதாக ஒரு தீச்சுவாலை முத்திரை இருக்கும், 1995-லிருந்து இந்த வகை வருகிறது, எல்லோரும் தேடுவார்கள். மொத்தம் 2000. பாயிடம் கொடுத்தது 1666. லாபம் 334 ரூபாய் மேடம், 334! இதற்குப் பெயர் வியாபாரமா? முழுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் குரூப்பில் ஜம்மென்று இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

இதில் என் நண்பன் ஒருவன். நான்தான் அவனை இந்தப் பொழுதுபோக்குக்கே இழுத்துவந்தேன். எந்தக் கடையில் எந்தக் கிழமை சரக்கு வரும் என்று சொல்லிக்கொடுத்தது நான். அவன் என்னுடைய விற்பனைப் பதிவைப் படம் பிடித்து, பாய் கொடுத்த விலையையும் எழுதி, குரூப்பில் போட்டுவிட்டான். அது போதாதென்று கடைக்கே போய் பாயிடமும் காட்டியிருக்கிறான். போட்டுக் கொடுத்துவிட்டான். இவ்வளவுக்கும் அவனே போன வருடம் ஒரு காரை 600-க்கு விற்றவன்.

சட்டப்படியும் பார்த்துவிட்டேன். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்பது 2009 சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வருகிற விதி, கடைக்காரர்களுக்கானது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். நான் கடையா வைத்திருக்கிறேன்? (பாய் இப்போது என்னை ‘சார்’ என்கிறார். பெட்டியையும் நான் போவதற்கு முன்பே பிரித்துக் கொக்கியில் மாட்டிவிடுகிறார். அதற்கும் இவன்தான் காரணம்.) விருப்பப்பட்டவன் வாங்கினான், விருப்பப்பட்டு விற்றேன். குரூப்பில் எம்.ஆர்.பி.யோடு கூரியர் செலவு மட்டும்தான் வாங்க வேண்டும் என்பது வாய்வழி வழக்கம், எங்கும் எழுதி வைக்கவில்லை.

நான்கு வருடப் பழக்கம், ஒரே நிமிடத்தில் வெளியே. அட்மினுக்கு மூன்று முறை மெசேஜ் போட்டேன், பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மனதுக்குள் அவர்களோடு வாதாடுகிறேன். மனைவி “ஒரு பொம்மைக்கா இப்படி” என்கிறாள். நான் செய்தது தப்பா மேடம்? குரூப்பில் திரும்பச் சேர என்ன வழி?

பெயர் வேண்டாம், அல்சூர்

*

அல்சூர் நண்பருக்கு,

சிரிக்கவில்லை. பொம்மைக் கார்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, என் அக்கா மகனுக்கு போன் போட்டு அரை மணி நேரம் பாடம் கேட்டேன். அவனும் இந்த நோயாளிதான், மும்பையில் இருக்கிறான். உங்களைத் தம்பி என்று எழுதத்தான் கை வந்தது. ஆனால் உங்கள் கதையில் அந்தச் சொல்லுக்கு வேறொரு சொந்தக்காரர் இருக்கிறார், அதனால் விட்டுவிட்டேன்.

குரூப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். நண்பனைப் பற்றியும் அட்மினைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், சட்டத்தைக்கூடப் புரட்டியிருக்கிறீர்கள். அதையெல்லாம் ஓரமாக வைக்கிறேன். நடுவில் ஓர் அடைப்புக்குறி போட்டு, மூன்று வாக்கியத்தில் பாயைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவசரமாக மூடிவிட்டீர்களே, எனக்கு அந்த இடம்தான் வேண்டும். நம்மைத் திட்டியவர்களோடு ராத்திரி இரண்டு மணிக்கு வாதாடுவது சுலபம், அவர்கள் ஏதாவது சொல்வார்கள், நாமும் ஏதாவது சொல்லலாம். திட்டாத ஒருவரோடு எப்படி வாதாடுவது? அவர் உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளேடை உங்களிடம் தருவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது ‘நான் செய்தது தப்பா’ என்று. கடிதத்தை மூன்று தரம் படித்ததில் எனக்குக் கேட்டது வேறு கேள்வி. ‘அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா?’ நண்பன் காட்டியது நீங்கள் விற்ற விலையை. தள்ளுபடி முந்தின நாளே முடிந்துபோன கதை நண்பனுக்கும் தெரியாது, குரூப்புக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் ‘விலை விலைதானே’ என்று ஒரு போர்வையைப் போர்த்தி.

இந்த பிரைஸ் மேட்ச் விஷயத்தைக் கொஞ்சம் பேசிவிடலாம், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் கேடயமாகப் பிடித்திருக்கிறீர்கள். பெஸ்ட் பை மாதிரி அமெரிக்கக் கடைகள் அதைச் செய்வது உண்மை. ஆனால் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று விதி எழுதி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அதே பொருளாக இருக்க வேண்டும், அதே மாடலாக இருக்க வேண்டும், கேட்கிற நேரத்தில் அந்த விலை அங்கே நடப்பில் இருக்க வேண்டும். உங்கள் 119 ரூபாய் எதற்கான விலை? எந்தக் கார் வரும் என்றே தெரியாத ஒரு காருக்கான விலை. நீங்கள் பாய் கடையில் எடுத்தது 72-ல் பொறுக்கிய 14. குருட்டாம்போக்கில் வருகிற காரின் விலையைக் காட்டி, கண்ணால் பார்த்துப் பொறுக்கிய காரை வாங்கியிருக்கிறீர்கள். அந்த ஸ்கைலைனும் தீச்சுவாலைக் காரும் ஆன்லைனில் 119-க்குக் கிடைக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஒரு அமெரிக்கக் கடையின் கவுன்டரில் இருக்கிற பெண் உங்கள் போனை வாங்கிப் பார்த்து ஒரு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்திருப்பாள். பாயும் போனைப் பார்த்தார், ஆனால் சோதிக்கவில்லை. சோதிக்கிற உறவில் அவர் உங்களை வைத்திருக்கவில்லை.

பெரிய கடை ஒரு காரில் இழப்பதை வேறு நூறு பொருளில் எடுத்துவிடும். பத்துக்குப் பத்து கடையில் அந்த நூறு பொருள் கிடையாது.

என் அம்மா சிக்பேட்டையில் புடவை பேரம் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடைக்காரர் கட்டுப்படியாகாது என்பார், அம்மா நாலடி நடப்பாள், அவர் கூப்பிடுவார், அம்மா திரும்ப மாட்டாள், பையன் ஓடி வருவான். இருவருக்கும் ஆட்டம் தெரியும், அடிமாட்டு விலைக்கு யாரும் யாரையும் தள்ள மாட்டார்கள். போனை நீட்டுவது அப்படி இல்லை. அதில் பேச்சுக்கே இடமில்லை, எதிரில் இருப்பவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும், அல்லது கொள்ளைக்காரர் ஆக வேண்டும். பாய் தனக்கு விழுகிற விலையையே உங்களிடம் சொல்லியிருக்கிறார். வியாபாரி வாயிலிருந்து அது லேசில் வராது. அதைக் கேட்ட பிறகும் 14 எடுத்திருக்கிறீர்கள். ஒன்று, இரண்டு என்று நினைத்துத்தான் அந்த மனுஷர் ‘உனக்காக’ என்று சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது, உங்களுக்கும் அப்போதே தோன்றியிருக்கும்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். காருக்கு 26 ரூபாய் வீதம் அவருக்கு நஷ்டம் 364. உங்களுக்கு லாபம் 334, கூடவே பத்து கார் இலவசம், அதை மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள். தொகை சின்னதுதான். பெரிய பணமாக இருந்திருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார், நீங்களும் தூங்கியிருப்பீர்கள்.

உங்கள் மேல் எனக்குள்ள வருத்தம் விற்றதற்காக அல்ல. 450 கொடுத்தவர் தெரிந்துதான் கொடுத்தார், அவரை நீங்கள் ஏமாற்றவில்லை. பாய் கடையில் நீங்கள் மகளோடு வருகிற வாடிக்கையாளர், குரூப்பில் வியாபாரி, சட்டத்தின் முன்னால் மறுபடியும் கடை வைக்காத சாதாரண ஆள். ஒவ்வொரு வாசலிலும் எந்த வேஷம் லாபமோ அது. பாய் விலை குறைத்தது அந்த முதல் ஆளுக்கு. நண்பன் காட்டிய படத்தில் அவர் பார்த்தது இரண்டாவது ஆளை, அந்த ஆளை அவருக்குத் தெரியாது. தெரியாத ஆளைச் சிவாஜிநகரில் என்னவென்று கூப்பிடுவார்கள்? சார் என்றுதான். இதில் குத்தலே இல்லாமல்கூட இருக்கலாம்.

நண்பன் செய்தது எனக்கும் பிடிக்கவில்லை. உங்களிடம் நேரில் சொல்லியிருக்கலாம், கடை வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை, அதில் பழைய கணக்கு ஏதோ இருக்கிறது. ஆனால் அவன் இல்லாவிட்டாலும் இது தெரியவந்திருக்கும், பாய் கடைக்கு வருகிற ஒரே சேகரிப்பாளர் நீங்கள் இல்லையே.

குரூப்பில் திரும்பச் சேர வழி எனக்குத் தெரியாது, இப்போதைக்குத் தேட வேண்டாம் என்றுதான் சொல்வேன். இருநூறு பேர் ‘இவன் நல்லவன்’ என்று கை தூக்கினாலும் சிவாஜிநகரில் பெட்டி முன்பே பிரிந்துதான் கிடக்கும். அட்மினுக்கு நான்காவது மெசேஜ் போடாதீர்கள்.

பாயைப் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், சரக்கு வராத ஒரு நாளாகப் பார்த்து, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். கார் வாங்காதீர்கள். அவருக்குத் தெரிந்ததற்கு மன்னிப்புக் கேட்பதை விட, தெரியாததைச் சொல்லுங்கள், அந்தத் தள்ளுபடி முடிந்து போயிருந்தது என்று. 364 ரூபாயை உறையில் போட்டு நீட்டினால் முகம் சுருங்கும், அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள். அவர் திட்டலாம். ‘அதெல்லாம் விடுங்க சார்’ என்று சிரித்து அனுப்பியும் விடலாம், அதற்கும் தயாராகப் போங்கள். தம்பியைத் திரும்ப வாங்கி வருகிற வேலையாக இதை வைத்துக்கொண்டால், அது இன்னொரு ஸ்கிரீன்ஷாட்தான்.

இன்னொன்று. அன்றைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். குழந்தை நின்றால் அவரால் கோபப்பட முடியாது, கை தானாக மிட்டாய் டப்பாவுக்குப் போய்விடும்.