ராத்திரி பயந்து அழும் குழந்தைகள்: பெற்றோர் கேள்விகளும் குழந்தை மருத்துவரின் பதில்களும்

நான்கு வயது மகள் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு "நாய் துரத்துது" என்று அழுதுகொண்டே எழுகிறாள். "ஒண்ணுமில்லை, படு" என்று சொன்னால் அழுகை கூடுகிறதே? (ஒரு தாய், தஞ்சாவூர்)

அந்த "ஒண்ணுமில்லை"யை விட்டுவிடுங்கள், அம்மா. கனவு தன் தலைக்குள் நடப்பது என்ற தெளிவு நாலு வயதில் முழுசாக வந்திருக்காது. அவளைப் பொறுத்தவரை நாய் அறைக்குள்ளேயே வந்துவிட்டுப் போயிருக்கிறது. நீங்கள் ஒன்றுமில்லை என்றால், "அம்மா கண்ணுக்கு நாய் தெரியவே இல்லை, பிறகு எப்படிக் காப்பாற்றுவாள்?" என்றுதான் அந்தப் பிஞ்சு மனசு நினைக்கும்.

அணைத்துக்கொண்டு, "கனவுல நாய் துரத்துச்சா? பயந்துட்டியா? அம்மா இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு வாய் தண்ணீர், முதுகில் தட்டல், ஜீரோ வாட் பல்பு போதும். ஆறுதலுக்காக டிவியோ செல்போனோ வேண்டாம். தூக்கம் மொத்தமாகக் கலைந்துவிடும். கம்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் நாயை விரட்டுவதும் வேண்டாம். அப்பாவே தேடுகிறார் என்றால் நாய் நிஜம்தான் என்று ஆகிவிடும்.

முக்கியமான வேலை பகலில்தான் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு சிறுவனிடம் கனவை வரையச் சொன்னேன். கறுப்பு கிரேயானை அழுத்தி அழுத்தி, அது ஒடிகிற அளவுக்கு ஒரு நாயை வரைந்தான். "இப்ப இந்த நாய் என்ன செஞ்சா உனக்குப் பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு நாயின் வாய்க்கு நேரே வட்டமாக ஒரு பிஸ்கட், பின்னால் ஆடுகிற மாதிரி ஒரு வால். கனவின் முடிவைக் குழந்தையே மாற்றி எழுதுவதுதான் இந்த முறை. பெரியவர்களின் கெட்ட கனவுகளுக்கும் இதன் விரிவான வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். நீங்கள் முடிவு சொல்லிக் கொடுக்காதீர்கள். அது அவள் வாயிலிருந்து வந்தால்தான் பலன்.

ஐந்து வயது மகன் தூங்கி ஒரு மணி நேரத்தில் திடீரென வீறிட்டு அலறுகிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை, தொட்டால் உதறுகிறான். காலையில் கேட்டால் எதுவும் ஞாபகமில்லை. பயந்த கோளாறு, மந்திரிக்க வேண்டும் என்கிறார் மாமியார். (திண்டுக்கல்)

இது கெட்ட கனவு அல்ல; தூக்க அலறல் என்று சொல்லலாம். கனவுகள் பெரும்பாலும் பின்னிரவில், கண் விழிகள் வேகமாக அசையும் தூக்கத்தில் வருபவை. எழுந்ததும் குழந்தைக்கு நினைவிருக்கும். உங்கள் மகனுக்கு நடப்பது முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில். மூளையின் ஒரு பகுதி விழித்துக்கொள்கிறது, மற்றொரு பகுதி இன்னும் தூங்குகிறது. பார்க்கும் நமக்குத்தான் வயிறு கலங்கும். அவன் அதை அனுபவிப்பதே இல்லை என்று சொல்லலாம். வீட்டில் யாருக்காவது சிறுவயதில் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பல குடும்பங்களில் இருக்கும்.

உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். கீழே விழாமல், இடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்தால் சில நிமிடங்களில் தானே அடங்கித் தூங்கிவிடுவான். காலையில் "ராத்திரி எப்படிக் கத்தினே தெரியுமா" என்று உறவினர் முன்னால் சொல்லிக் காட்ட வேண்டாம். காய்ச்சலும் தூக்கக் குறைவும்தான் இதைத் தூண்டும் முக்கியக் காரணங்கள். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். பத்து மணி சீரியல் முடிந்து படுத்து, ஆறரைக்கு ஸ்கூல் வேனுக்கு எழும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? தினமும் ஒரே நேரத்தில்தான் அலறுகிறான் என்றால், சில வாரங்களுக்கு அந்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாக லேசாக எழுப்பி, மீண்டும் தூங்க விடுங்கள்.

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்குவதும் கோயிலில் விபூதி இடுவதும் உங்கள் நம்பிக்கை. அதில் கெடுதல் இல்லை. ஆனால் "உன்னை ஏதோ அடிச்சிருக்கு" என்ற பேச்சு அவன் காதில் விழவே கூடாது. வேப்பிலையால் அடிப்பது, புகை போடுவது போன்ற எதற்கும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

ஒரே இரவில் பலமுறை வந்தாலோ, கை கால் விறைத்து வெட்டி இழுத்தாலோ, செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். வலிப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூச்சாண்டி வருவான் என்று சொல்லித்தான் எங்கள் தலைமுறையே சோறு தின்றது. இப்போது மட்டும் என்ன? (ஒரு தாத்தா, மதுரை)

அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் கொல்லைப்புறக் கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள், ஐயா. கதை சொல்லுங்கள், பேய்க்கதைகூட ஆறேழு வயதுக்கு மேல் கேட்க ஆசைப்படும் பிள்ளைக்குப் பகலில் சொல்லலாம். "சாப்பிடலைன்னா உன்னைப் பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்பது கதை இல்லையே. காப்பாற்ற வேண்டியவரே பிடித்துக் கொடுப்பேன் என்கிறார். இருட்டியதும் அந்தக் குழந்தை யாரிடம் ஓடும்?

அப்பா இறந்தபோது மகளிடம் "தாத்தா தூங்கிட்டார்" என்று சொன்னோம். இப்போது தூங்கவே பயப்படுகிறாள், கனவில் தாத்தா வருகிறார் என்கிறாள். (கோவை)

இந்த வார்த்தையால் தவிக்கும் குழந்தைகளை நிறையப் பார்த்துவிட்டேன். தூங்கிய தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. நானும் தூங்கினால்? அவளுடைய கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இன்றே திருத்துங்கள்: "தாத்தா தூங்கலை, இறந்துட்டார். உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. நீ தூங்கறது வேற, காலையில எழுந்துடுவே." நேராகச் சொல்லுங்கள். நீங்கள் அழுதாலும் பரவாயில்லை. அவர் கனவில் என்ன செய்தார் என்றும் கேளுங்கள். எல்லாமே பயக் கனவாக இருக்காது.

வீசிங்கிற்கு மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் கெட்ட கனவு வருகிறது. தொடர்பு இருக்குமா? (திருச்சி)

இருக்கலாம். அந்த மாத்திரை மாண்டெலுகாஸ்ட் என்றால், கெட்ட கனவும் எரிச்சலும் அறியப்பட்ட பக்க விளைவுகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் இதன் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் உடனே பேசுங்கள். இன்ஹேலரும் கொடுத்துவந்தால், அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மகள் பயப்படாமல் தூங்கத் தலையணைக்கு அடியில் இரும்பு வைக்கலாமா? (விருதுநகர்)

கத்தி, அரிவாள் வேண்டவே வேண்டாம், புரளும் பிள்ளை. மற்றபடி, ஒருநாள் வைக்க மறந்தால் அவள் தூங்குவாளா என்று யோசியுங்கள். உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்றைப் போர்த்திவிடுங்கள். அதில் உங்கள் வாசம் இருக்கும்.