அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் ஒரே நேரத்தில் புற்றுநோய்: எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பச்சிக்குத் தொண்டைப் புற்றுநோய், மதுரையில் கதிர்வீச்சு தொடங்கப் போகிறது. ஆத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ என்கிறார்கள். அப்பச்சிக்கு இதை இன்னும் சொல்லவில்லை. நான் அவர்களுக்கு ஒரே மகள். எதை முதலில் பார்ப்பது?

பதில்: முதலில் தேதிகளைப் பாருங்கள் அம்மா. தொண்டைக்குக் கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம். போகப்போகத் தொண்டை புண்ணாகும். அந்த நிலையில் தினமும் காரைக்குடியிலிருந்து மதுரை போய்வர அவரால் முடியாது. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க இடம் பாருங்கள். கீமோ பலருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இரண்டையும் ஒரே மருத்துவமனையில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், ஒருவருடைய அட்டவணையை மற்றவரின் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓரிரு நாள் தள்ளி வைக்கலாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நீங்களாக மாற்றாதீர்கள்.

ஆத்தாவுக்குக் கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும் நாட்கள் அவை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விசாரிக்க வருபவர்களுக்குச் சளி, இருமல் இருந்தால் வீட்டு முகப்போடு அனுப்பிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது பணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் அது குடும்பத்துக்கு; ஆளுக்கு அல்ல. இருவரும் ஒரே அட்டை என்றால் அந்தத் தொகையைப் பகிர வேண்டியிருக்கும். அதனால் இருவருக்கும் உத்தேசச் செலவை முன்பே எழுதி வாங்கி, மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் காட்டிப் பேசுங்கள்.

சாப்பாடு இரண்டு பக்குவமாகத்தான் ஆகும். அப்பச்சிக்குக் காரம், புளி, மிளகு வேண்டாம்; ஆறிய கஞ்சி, மசித்த பருப்பு சாதம் இறங்கும். எடை குறைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆத்தா எதை விரும்புகிறாரோ அதைச் சுடச்சுடச் சமைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

அப்பச்சியிடம் சொல்லிவிடுங்கள். மறைப்பது அன்பினால்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஆத்தாவுக்கு முடி கொட்டத் தொடங்கலாம். அதைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிட, முன்பே ஆத்தா வாயால் கேட்பது நல்லது. சனி, ஞாயிறு பெரும்பாலும் கதிர்வீச்சு இருக்காது. உடம்பு ஒத்துக்கொண்டால் அப்பச்சியை வீட்டுக்கு அழைத்து வந்து, இருவரையும் தனியாகப் பேச விடுங்கள். தைரியம் சொல்ல நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

"ஏதாவது வேணுமா?" என்று கேட்கும் பங்காளிகளிடமும் தாய்மாமன் வீட்டாரிடமும் வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் மதுரையில் அப்பச்சியோடு தங்கட்டும், இன்னொருவர் ஆத்தாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகட்டும். நீங்கள் இரவு தூங்க வேண்டும்.

அப்புறம், உங்களுக்கும் வருமோ என்ற பயம் இருக்கும். புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை. ஆனாலும் ஆத்தாவின் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது என்பதைச் சொல்லி, உங்களுக்கு மார்பகப் பரிசோதனை எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.