ட்ரெயிலரின் மூக்கில் எவ்வளவு பாரம் வேண்டும்? – சில்லும் கொழுவியும்: வாசகர் கேள்வி பதில்

காலபோக அறுவடை தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடும். எஞ்சின் சத்தம், கிளட்ச் நழுவல் எல்லாம் பின்னுக்குப் போய், கொழுவி இழுப்பது பற்றிய கேள்விகள் முன்னுக்கு வரும். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முதலாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: அண்ணை, பழைய டபுள் கப் (இரட்டைக் கபின் பிக்கப்) ஒன்று எடுத்து, அதற்கு ஒற்றை அச்சு ட்ரெயிலர் ஒன்றும் செய்வித்தேன். லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை ரக்ரர்), நெல்மூடை எல்லாம் அதில்தான் ஏற்றுகிறேன். வெறும் ட்ரெயிலர் பேசாமல் வருகிறது. லான்ட்மாஸ்டரை ஏற்றினால் 50 கிலோமீற்றர் வேகத்திலேயே பின்பக்கம் ஆடத் தொடங்குகிறது. ரயர் மாற்றியும் சரிவரவில்லை. பழுது கப்பிலா, ட்ரெயிலரிலா? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுது இரண்டிலும் இல்லை, ஏற்றிய விதத்தில் இருக்கிறது. இறக்கும்போது நேராக முன்னுக்கு ஓட்டி இறக்கலாம் என்று லான்ட்மாஸ்டரை ரிவேர்சில் ஏற்றியிருக்கிறீர்கள். அதன் எஞ்சின் இருப்பது முன்பக்கத்தில். அப்படி ஏற்றினால் அந்த இரும்பெல்லாம் அச்சுக்குப் பின்னால், ட்ரெயிலரின் வாலில் போய் உட்கார்ந்துவிடும். படத்தில் கொழுவிப் பக்கம் மேலே தூக்கி நிற்பது தெரிகிறது.

மாட்டு வண்டில் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் கழுத்தை விட்டு மேலே தூக்கும். அதனால் மூடைகளை ஏற்றி முடித்ததும் வண்டிலின் முன்பக்கத்தைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்கள். உங்கள் ட்ரெயிலரும் இரண்டு சில்லில் நிற்கும் வண்டில்தான். வேகம் மட்டும்தான் வேறு. 50, 60 என்று ஓடும்போது பின்பாரம் நுகத்தைத் தூக்குவதோடு நிற்காது. வாலில் இருக்கும் பாரம் ஒருமுறை பக்கவாட்டில் அசைந்தால் திரும்பி வரும்போது மறுபக்கம் இன்னும் அதிகமாகப் போகும். அந்த அசைவு கொழுவி வழியாகக் கப்பின் பின்சில்லுகளையும் இழுத்து ஆட்டும். வேகம் கூடக் கூட அது தானாக அடங்குவதும் குறைந்துகொண்டே போகும்.

கணக்கு இதுதான்: பொருளோடு சேர்த்து ட்ரெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கொழுவியில் இறங்க வேண்டும். மொத்தம் 1000 கிலோ என்றால் மூக்கில், அதாவது கப்போடு கொழுவும் முன்முனையில், 100 முதல் 150 கிலோ. கப்பின் கைநூலிலோ கொழுவியிலோ அதைவிடக் குறைந்த எல்லை எழுதியிருந்தால் அந்த எல்லைதான் உங்களுக்கு. அப்போது மூக்குப் பாரத்தை மட்டும் குறைக்காமல் ஏற்றுகிற சாமானையே குறையுங்கள்.

அளப்பதற்கு நெல் நிறுக்கும் மேடைத் தராசு போதும். சமதரையில் ட்ரெயிலரை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தராசின் மேல் ஒரு மரக்குற்றியை நிறுத்தி, கப்பில் கொழுவியிருக்கும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் ட்ரெயிலரின் மூக்கை அதன்மேல் இறக்குங்கள். குற்றியின் நிறையைக் கழித்தால் வருவது மூக்குப் பாரம். உயரம் மாறினால் கணக்கும் மாறும், அதனால் அதில் அவசரப்பட வேண்டாம்.

லான்ட்மாஸ்டரை இனி முன்பக்கமாக ஓட்டி ஏற்றுங்கள். எஞ்சின் அச்சுக்குச் சற்று முன்னால் வரட்டும். இறக்கும்போது ரிவேர்சில் மெதுவாக இறக்கலாம், ஒரு ஆள் பக்கத்தில் நின்றால் நல்லது. நெல்மூடையிலும் இப்படித்தான்: பாரத்தில் கிட்டத்தட்ட அறுபது வீதம் ட்ரெயிலரின் முன்பாதியில் இருக்க வேண்டும். முல்லைத்தீவு வீதியில் பின்பலகை ஓரமாகவே மூடைகளை அடுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அதற்காக எல்லாவற்றையும் மூக்கிலேயே குவித்துவிடவும் கூடாது. கொழுவி இருப்பது கப்பின் பின்அச்சுக்கும் பின்னால். உதாரணத்துக்கு முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 3 மீற்றர், பின்அச்சிலிருந்து கொழுவி 1.2 மீற்றர் என்று வைப்போம். மூக்கில் 120 கிலோ இறங்கினால் பின்அச்சில் 168 கிலோ கூடும், முன்அச்சில் 48 கிலோ குறையும். இதற்கு மேல் கப்பின் தொட்டிக்குள்ளும் மூடை ஏற்றினால் முன்சில்லுகள் வீதியைப் பிடிப்பதே குறைந்துவிடும். ஸ்ரியரிங் லேசாகும், பிறேக் பிந்தும், இரவில் லைற் எதிரே வருகிறவரின் கண்ணுக்குள் அடிக்கும்.

சரி, ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டம் வந்துவிட்டது, என்ன செய்வது? அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பக்கத்தை அடைத்து நெல் காயப் போட்டிருப்பார்கள். அதற்கு விலத்தப் போய் ஸ்ரியரிங்கை வெடுக்கென்று திருப்பும்போதுதான் பெரும்பாலும் ஆட்டம் தொடங்கும். அந்த நேரம் கால் தானாகப் பிறேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். அக்சிலேற்றரிலிருந்து மட்டும் காலை எடுங்கள். ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராக அங்கும் இங்கும் திருப்ப வேண்டாம். வேகம் இறங்க ஆட்டமும் இறங்கும். கப்பின் பிறேக்கை அழுத்தினால் கப் நிற்கப் பார்க்கும், பிறேக் இல்லாத ட்ரெயிலர் பின்னாலிருந்து தள்ளும். கப் குறுக்கே திரும்பிப் புரள்வது அப்படித்தான்.

அந்தப் பிறேக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ட்ரெயிலருக்குப் பிறேக் கிடையாது. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறேக் இல்லாமல் இழுக்க விடுவது 750 கிலோ வரைதான், அதற்கு மேல் போனால் ட்ரெயிலருக்குத் தனிப் பிறேக் இருந்தே ஆக வேண்டும். ஒரு மூடையை 65 கிலோ என்று வைத்தால் 15 மூடைக்கே 975 கிலோ வருகிறது, ட்ரெயிலரின் சொந்த நிறை வேறு. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. ஆகவே ஒன்றில் மூடையைக் குறைத்து இரண்டு நடை ஓடுங்கள். இல்லையென்றால் தள்ளு பிறேக் உள்ள கொழுவி ஒன்று தேடிப் பூட்டுங்கள்: கப் வேகம் குறைக்கும்போது ட்ரெயிலர் முன்னுக்குத் தள்ளும் அந்தத் தள்ளலே தண்டை அமுக்கி ட்ரெயிலரின் சில்லுகளைப் பிடிக்கும். டீசல் காசைப் பார்த்துத்தான் எல்லோரும் ஒரே நடையில் ஏற்றுகிறார்கள், தெரியும். ஆனாலும் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் வட்டக்கச்சியில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். கோடைக்குத் தங்குவதற்குப் படுக்கை, சமையலறையோடு கூடிய 2700 கிலோ ட்ரெயிலர் ஒன்று வாங்கப் போகிறேன். என் பிக்கப் 4500 கிலோ இழுக்கும் என்று விற்றவர் சொன்னார். அப்படியென்றால் பயமில்லைத்தானே? அம்மாவுக்கு இடுப்பு வலி, போகும்போது ட்ரெயிலர் கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாமா?

பதில்: தம்பி, முதலில் அம்மா. ட்ரெயிலர் ஓடும்போது அதற்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. ஒன்ராறியோவில் அது சட்டத்துக்கும் விரோதம். அம்மாவைப் பிக்கப்பின் முன்சீற்றில் இருத்தி, பெல்ற் போட்டு, அடிக்கடி நிறுத்தி இறக்கி நடக்க விடுங்கள்.

4500 கிலோ என்பதை விடுங்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் ஏறக் கூடாது என்று அதில் ஒரு எண் இருக்கும். அது 700 என்று வைப்போம். 2700 கிலோ ட்ரெயிலரின் மூக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் 324 கிலோ. அந்தப் பாரமும் பிக்கப்பில் ஏறியதாகத்தான் கணக்கு. ஐந்து பேருக்கு 350 கிலோ போட்டால் 674. மிச்சம் 26 கிலோ. ஐஸ் பெட்டி, சமையல் அடுப்பு, கதிரைகள் எல்லாம் அந்த 26க்குள் அடங்குமா? இழுக்கிற பலம் இருந்தும் சுமக்கிற இடம் முடிந்துவிடும். ஆகவே உங்கள் லேபிளில் உள்ள எண்ணை வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டு ட்ரெயிலரை வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் நிறை வெறும் ட்ரெயிலரின் நிறையா, ஏற்றக்கூடிய உச்ச நிறையா என்றும் கேளுங்கள். தண்ணீர்த் தாங்கியில் 150 லீற்றர் நிரப்பினால் அதுவே 150 கிலோ. தாங்கி அச்சுக்குப் பின்னால் இருந்தால் ஒட்டுசுட்டான் தம்பிக்கு வந்த வியாதி உங்களுக்கும் வரும்.

ஒன்ராறியோவில் 1360 கிலோவிலிருந்து ட்ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம். உங்கள் ட்ரெயிலரில் மின்பிறேக் இருந்தால் அதை இயக்கும் கருவி உங்கள் கையெட்டும் தூரத்தில் பூட்டியிருக்க வேண்டும். ஆட்டம் வந்தால் பிக்கப்பின் பிறேக்கைத் தொடாமல் அதை மட்டும் மெதுவாக அமுக்கலாம். இரண்டு சங்கிலியையும் கொழுவிக்குக் கீழே குறுக்காக மாற்றிப் பூட்டுங்கள். கொழுவி கழன்றால் மூக்கு நிலத்தில் குத்தாமல் சங்கிலியில் விழும். ட்ரெயிலர் கழன்று போனால் அதன் பிறேக்கைப் பிடிக்கும் மெல்லிய கம்பியைச் சங்கிலியிலோ கொழுவிக் குண்டிலோ மாட்டாமல் வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். பிக்கப்பில் இருக்கும் குண்டின் அளவும் அதன்மேல் மூடும் ட்ரெயிலர்க் கிண்ணத்தின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். அங்கே இரண்டு அங்குலமும் உண்டு, 2 5/16 அங்குலமும் உண்டு. சின்னக் குண்டில் பெரிய கிண்ணம் பூட்டுப்பட்டது போலவே இருக்கும், முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். பூட்டிய பிறகு ட்ரெயிலரின் ஜக்கை உயர்த்திப் பாருங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது.

கேள்வி: முல்லைத்தீவுக் கரையிலிருந்து படகை ட்ரெயிலரில் ஏற்றிப் பருத்தித்துறைக்குக் கொண்டு போகிறோம். அடிக்கடி சில்லுப் பெயாரிங் போகிறது. மலிவுச் சாமான் என்பதாலா?

பதில்: சாமானும் காரணமாக இருக்கலாம், ஆனால் நீங்கள் செய்கிற முறையைக் கேட்டால் அதுதான் முக்கிய காரணம். ஓடி வந்த சூட்டோடு ட்ரெயிலரைத் தண்ணிக்குள் இறக்குகிறீர்கள். சில்லுக் குடத்துக்குள் (சில்லின் நடுவில் பெயாரிங் இருக்கும் பகுதி) இருக்கும் காற்று சூட்டில் விரிந்திருக்கும். உப்புத் தண்ணி பட்டதும் அது சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணியை உள்ளே உறிஞ்சும். கிறீஸ் பால் நிறமாக மாறியிருந்தால் உள்ளே தண்ணி போய்விட்டது என்று அர்த்தம். கரையில் நிறுத்தி, குடம் ஆறிய பிறகு இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியால் கழுவுங்கள்.

அப்புறம் ஒன்று. ஏ9 வீதியில் போகிற யாரும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போவதில்லை. தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் அந்த இடைவெளியில் ட்ரெயிலரின் குடங்களுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இளஞ்சூடு என்றால் பரவாயில்லை. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் பெயாரிங்கோ பிறேக்கோ இறுகுகிறது, அதோடு ஆனையிறவைத் தாண்ட நினைக்காதீர்கள். உங்கள் வழி பரந்தனால் வருகிறது என்றால் பரந்தன் சந்தியிலேயே இதைச் செய்யலாம். புதுச் சில்லு பூட்டியிருந்தால் 80, 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு ரக்ரர்ப் பெட்டியில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போவது எங்கள் ஊர் வழக்கம். திரும்பி வர இரவாகிவிடும். பயமாக இருக்கிறது, ஆனால் சொன்னால் வீட்டில் கேட்கிறார்களில்லை. (மாங்குளம் வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் சரியான பயம். இந்தப் பதிலை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். பஸ்ஸில் போக வழியிருந்தால் பஸ்ஸில் போங்கள். பெட்டி நெல்லுக்குச் செய்தது. இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் வேறு வழியில்லாமல் குஞ்சு குருமானெல்லாம் அதில்தான் ஏறினோம். இப்போது அந்த நிலை இல்லை. மட்கார்டில் பிள்ளை உட்காருவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள், அங்கிருந்து விழுந்தால் விழுவது பெரிய சில்லுக்கு முன்னால்.

பெட்டி வீதியில் போகத்தான் போகிறது என்றால் அதைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். லைற் இல்லாத பெட்டியின் பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து மோதுவதுதான் எங்கள் பக்கத்து இரவு விபத்துகளில் மிகக் கொடியது. பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ஒளித்தெறிப்புப் பட்டி ஒட்டுங்கள், பற்றரியில் எரியும் சிவப்பு லைற் ஒன்றும் கட்டுங்கள். தறப்பாள் தொங்கி அதை மறைக்கக் கூடாது. கொழுவியில் போடும் இரும்புப் பின் (pin) கழராமலிருக்கக் கம்பி வளைத்துச் செருகாமல் பூட்டு ஊசி போடுங்கள், கூடவே ஒரு சங்கிலியும். பழுதாகி நின்றால் தார் வீதியை விட்டு முழுதாக இறக்கி நிறுத்துங்கள்.

கேள்வி: ட்ரெயிலரோடு ரிவேர்ஸ் எடுக்க வரவேயில்லை. ஏதும் சுலப வழி? (நெடுங்கேணி வாசகர்)

பதில்: ஸ்ரியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். ட்ரெயிலரின் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் கையை இடப்பக்கம் கொண்டு போங்கள், வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். மடியத் தொடங்கினால் பின்னுக்குத் தள்ளாமல் முன்னுக்கு எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அறுவடை முடிந்த வெறும் வயலில் இரண்டு தடி நட்டு அதற்கிடையில் பழகினால் ஒரு பின்னேரத்தில் பிடிபடும். கட்டையான ட்ரெயிலரைவிட நீளமானது சொல் கேட்கும், கிடைத்தால் அதில் தொடங்குங்கள்.