ஈவென்ட்டுக்கு விட்ட ஷட்டில் பஸ் ஆக்சிடென்ட் ஆகி அடிபட்டா, ஏற்பாடு பண்ணவங்க "அது ஃப்ரீ பஸ், டிராவல்ஸ்காரங்கள கேளுங்க"னு கழட்டிக்க முடியுமா?

முடியாது. ஆனா கழட்டிக்கப் பாப்பாங்க, அதுவும் ரொம்ப மரியாதையா, மேடம் மேடம்னு கூப்ட்டுகிட்டே. நான் சேலம் கோரிமேட்டுக்காரி. ஏற்காடு மலை ரோட்டுலயே இப்படி ஒரு ஷட்டில் பஸ்ல அடிபட்டு இடது மணிக்கட்டு ஒடிஞ்சு, அதுக்கப்புறம் நடந்த கூத்தையும் கூடவே பாத்துட்டு இருக்கறவ. ஈவென்ட் பேரு, டிராவல்ஸ் பேரு எதுவும் சொல்லப் போறதில்லைங்க, கேஸ் நடந்துட்டு இருக்கு.

மேல ஏற்காட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஓட்டம், பத்து கிலோமீட்டர். லீவு நாள்ல சொந்த வண்டிய எடுத்துட்டுப் போனா லேக்க சுத்தி நகரவே முடியாதுங்கறது சேலத்துக்காரங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, அதனால புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்து நாங்களே பஸ் விடறோம்னு சொன்னாங்க. பணம் கட்டற பக்கத்துலயே டீஷர்ட், மெடல், டிபன், போக வர பஸ் எல்லாம் சேத்து இவ்வளவுனு போட்டிருந்துச்சு. இந்த ஒரு வரிய ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி இதுலதான் எல்லாமே நிக்குது.

ஏறும்போதே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஏற்காட்டுக்கு டெய்லி ஓட்டற டிரைவருங்களுக்கு அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் கைரேகை மாதிரி. இது நீளமான ஆம்னி பஸ், பல வளைவுல ஒரே திருப்புல திரும்பல, ரிவர்ஸ் எடுத்து எடுத்து ஏத்துனாரு. முன்சீட்டுல இருந்த பையன் "மலை ரோடு ஓட்டிருக்கீங்களாண்ணா"னு கேட்டதுக்கு அவரு சிரிச்சாரே ஒழிய பதில் சொல்லல.

இறங்கறப்பதான் வினை. எங்க மாமா லாரி ஓட்டுனவரு, எந்த கியர்ல மலை ஏறுறியோ அதே கியர்லதான் இறங்கணும்னு சொல்லுவாரு. அதாவது எஞ்சின்தான் வண்டிய இழுத்துப் புடிச்சுட்டு வரணும், பிரேக் சும்மா துணைக்கு. பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா டிரம் சூடாகிப்போயி லைனிங் புடிக்கற சக்தியையே விட்ரும், நீங்க எவ்வளவு அமுக்குனாலும் வண்டி நிக்காது. அன்னைக்கு எஞ்சின் உறுமற சத்தமே இல்ல, புஸ்ஸு புஸ்ஸுனு காத்து விடற சத்தம் மட்டும் ஓயாம வந்துச்சு, கொஞ்ச தூரத்துல தீஞ்ச வாசமும் சேந்துகிச்சு. பின்னாடி இருந்த ஒரு அம்மா "ஏதோ கருகுதுங்க, கொஞ்சம் ஓரங்கட்டுங்கண்ணா"ன்னாங்க. அதுக்கு பதில் சொன்னது டிரைவர் இல்ல, கூட வந்த வாலண்டியர் தம்பி. "ஒண்ணுமில்லைங்க ஆன்ட்டி, கிளட்ச் வாசம்தான், அடுத்த டிரிப்புக்கு வேற லேட் ஆயிருச்சு"ன்னான். இருந்த பஸ்ஸு கொஞ்சம், ஆளு நெறைய, அதனால ஒரே பஸ்ஸ கீழ மேலனு திரும்பத் திரும்ப ஓட்டிட்டு இருந்திருக்காங்க. பிரேக் ஆறவே விடல. டிரைவர் தப்பு டிரைவர் தப்புனு எல்லாரும் சொல்றாங்க, டிரைவருக்கு அந்த அவசரத்தக் குடுத்தது யாருன்னு யாரும் கேக்கல.

பாதி மலை இறங்கினப்புறம் ஒரு வளைவுல கீழ இருந்து ஒரு கார் ஏறி வந்துச்சு. மலைல ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும், 2017ல வந்த டிரைவிங் ரெகுலேஷன்லயே அது இருக்கு, ஆனா எங்க பஸ் நின்னாத்தானே வழி விடறதுக்கு. அவரு சட்டுனு மலைப்பக்கம் ஒடிச்சாரு, பாறைல உரசி ஓரமா இருந்த கால்வாய்ல எறங்கி சாஞ்சு நின்னுச்சு. பள்ளத்துப் பக்கம் ஒடிக்காம இந்தப் பக்கம் ஒடிச்சதுக்கு அந்த மனுசனுக்கு நான் நன்றிதான் சொல்லுவேன். 2024 ஏப்ரல் கடைசில இதே ரோட்டுல ஒரு தனியார் பஸ் உருண்டு உசுருங்க போனத மறந்தவங்க சேலத்துல யாரும் இருக்க மாட்டாங்க.

பக்கத்து சீட்டு அக்காவுக்கு நெத்தில தையல், ஒரு சின்னப் பையனுக்கு முன்பல்லு போச்சு, எனக்கு கை. 108க்கு போன் பண்ணது பயணிங்கதான். ஈவென்ட் ஆளுங்க ஒரு ஜீப்ல வந்தாங்க, தண்ணி பாட்டில், வாழைப்பழம் எல்லாம் குடுத்தாங்க, குடுத்துட்டு அடுத்த வார்த்தை "இன்னொரு பஸ் வருதுங்க மேடம், முடிஞ்சவங்க அதுல ஏறிக்கங்க, போலீஸு கேஸுன்னு இழுத்தா உங்களுக்குத்தான் அலைச்சல்". நெறைய பேரு ஏறிப் போயிட்டாங்க, வலி அப்ப தெரியாது, மறுநாள் காலைல கழுத்து திரும்பாதப்பதான் தெரியும். சாயந்திரத்துக்குள்ள வாட்ஸ்அப் குரூப்ப அட்மின் மட்டும்தான் மெசேஜ் போடலாம்ங்கற மாதிரி பண்ணிட்டு, மெடல் போட்டோ நாலு போட்டு "அனைவரும் பாதுகாப்பாக வீடு திரும்பினர், நன்றி"னு ஒரு மெசேஜ். நான் அத ஜிஎச்ல கைக்கு மாவுக்கட்டு போட வரிசைல உக்காந்துட்டு படிச்சேன். கை வலிய விட அதுதான் வலிச்சுது.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். இந்த மாதிரி விபத்துல முதல் ரெண்டு மூணு நாள்ல கைல வர்ற பேப்பர்தான் கேஸு. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போறப்ப "கீழ விழுந்துட்டேன்"னு சொல்லாதீங்க, பஸ் ஆக்சிடென்ட்னு சொல்லுங்க, எந்த இடம், எத்தன மணி, பஸ் நம்பர் எல்லாம். அவங்க ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல எழுதுவாங்க, அந்த ஏஆர் காப்பி இல்லாட்டி பின்னாடி இன்சூரன்ஸ்காரங்க "இவங்க அந்த பஸ்லயே வரல"னு கூட சொல்லலாம். ஓட்டப் பந்தயத்துக்குப் போனவங்களுக்கு இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, ஓடறப்ப விழுந்து ஒடிஞ்ச கைன்னு சொல்லிருவாங்க. என்கிட்டயே ஒருத்தர் போன்ல அப்படித்தான் ஆரம்பிச்சாரு. ரேஸ் முடிச்சு மெடல தூக்கிப் புடிச்சுட்டு நிக்கற போட்டோவ, ரெண்டு கையும் நல்லா இருக்கற போட்டோவ, அவங்க பேஜ்லயே போட்டிருந்தாங்க, அத எடுத்து அவருக்கே அனுப்பிட்டேன், அப்புறம் அந்தப் பேச்சே வரல.

செலவ நெனச்சு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்காதீங்க. நம்ம ஊர்ல 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, ரோட்டு விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு ஆஸ்பத்திரிலயும் திட்டத்துல சேந்த தனியார்லயும் இலவசம், வெளிமாநிலத்துக்காரங்களுக்கும் உண்டு. 2025 மே மாசம் மத்திய அரசும் ஒண்ணு கொண்டு வந்துச்சு, விபத்து நடந்ததுல இருந்து ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும். ஈவென்ட்காரங்க "பில்ல அனுப்புங்க பாக்கலாம்"னு சொல்றத நம்பி காத்திருக்க வேண்டிய அவசியமே இல்ல.

அடுத்தது போலீஸ். புகார் குடுத்தா, புகார வாங்கிகிட்டோம்னு குடுக்கற சிஎஸ்ஆர் ரசீதோட திருப்திப்பட்டு வந்துறாதீங்க, எஃப்ஐஆர் வேணும். எஃப்ஐஆர் ஆயிருச்சுன்னா தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே காப்பி எடுத்துக்கலாம். 2022 ஏப்ரல்ல இருந்து வந்த விதிப்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள்ள முதல் விபத்து அறிக்கைய ட்ரிப்யூனலுக்கும் (விபத்து நஷ்டஈடு கேஸ விசாரிக்கற கோர்ட்டு) இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும், 90 நாளைக்குள்ள விரிவான அறிக்கை. நீங்க போயி இந்த அறிக்கை போயிருச்சுங்களா சார்னு பேரு சொல்லி கேட்டீங்கன்னாலே ஃபைல் நகரும். பஸ் நம்பர எம்பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க, இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியா இருக்குங்கற சர்டிஃபிகேட்), பெர்மிட் எது வரைக்கும் இருக்குனு வந்துரும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. நாங்க போட்டுப் பாத்தப்ப பஸ்ஸோட ஓனர் ஈவென்ட்காரங்க சொன்ன டிராவல்ஸே இல்ல, அவங்க வேற யார்கிட்டயோ வண்டிய வாங்கி அனுப்பிருக்காங்க. ஈவென்ட்காரர் டிராவல்ஸ கை காட்டுனாரு, டிராவல்ஸ் வண்டி ஓனர கை காட்டுச்சு, ஓனர் டிரைவர கை காட்டுனாரு, டிரைவர் பாவம் ஜாமீன் எடுக்க ஆளு தேடிட்டு இருந்தாரு.

இவங்க யார யாரு கை காட்டுனாலும் உங்களுக்கு கவலை வேண்டாம், ஏன்னா நஷ்டஈடு கேஸ்ல டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் மூணு பேரையும் சேத்துதான் போடுவாங்க, பணம் குடுக்கறது பெரும்பாலும் இன்சூரன்ஸ்தான். வாடகை பஸ்ல வர்ற பயணிக்கும் சேத்துதான் இன்சூரன்ஸ் எடுக்கணும்ங்கறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 147. எலும்பு முறிஞ்சா சட்டப்படி அது கொடுங்காயம், அதுக்கு பிரிவு 164ல யாரு தப்புன்னு நிரூபிக்காமயே ரெண்டரை லட்சம் கேக்கலாம், உயிர் போயிருந்தா 5 லட்சம். அதுக்கு மேல சம்பள இழப்பு, வலி, வைத்தியச் செலவுன்னு எல்லாம் சேத்து கேக்கணும்னா பிரிவு 166, அதுல டிரைவரோட கவனக்குறைவ காட்டணும், ஆனா தொகை கூட வரும். எதுல போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க. சட்டத்துல 166க்கு விபத்து நாள்ல இருந்து ஆறு மாசம்தான் டைம், கட்டு பிரிச்சு பிசியோதெரபி போயி எல்லாம் சரியாகட்டும்னு இருந்தீங்கன்னா அதுலயே பாதி ஓடிரும். ஆக்சிடென்ட் வெளியூர்ல ஆயிருந்தாலும் நீங்க குடியிருக்கற ஊர் ட்ரிப்யூனல்லயே போடலாம், அலைய வேண்டாம்.

இப்ப ஈவென்ட்காரங்க. அவங்க சொல்றது மூணே விஷயம்தான், எல்லா ஊர்லயும் இதேதான் சொல்லுவாங்க போல. ஃப்ரீ பஸ்ஸாம். கட்டணத்துல பஸ்ஸும் சேத்தின்னு அவங்களே போட்டிருக்கறப்ப அது எப்படி ஃப்ரீ, நான் குடுத்த காசுலதான் டீசல் போட்டாங்க. அந்தப் பக்கத்த அவங்க மாத்தறதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுத்துருங்க, எங்காளுங்க ரெண்டே நாள்ல மாத்திட்டாங்க. அப்புறம் நீங்க ரிஜிஸ்டர் பண்றப்ப டிக் பண்ணிட்டீங்களாம், எந்த காயத்துக்கும் நாங்க பொறுப்பில்லன்னு. ஓடறப்ப கால் சுளுக்குனா அத வெச்சு அவங்க வாதாடட்டும், பிரேக் புடிக்காத பஸ்ல ஏத்துனதுக்கு அந்த டிக் எப்படிங்க பொருந்தும், இன்சூரன்ஸ் க்ளெய்மயும் அது தடுக்காது. மூணாவது, வெண்டர் பாத்துக்குவாராம், அதாவது பஸ் விட்ட டிராவல்ஸ். வெண்டர தேர்ந்தெடுத்தது நானா?

இது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போற விஷயம், சேவை குறைபாடு, ரெண்டு வருஷம் டைம் இருக்கு, குடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் ஃபீஸே கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். முதல்ல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணுங்க, சில பேரு அதுக்கே பயந்து பேச வருவாங்க. ஒரே காயத்துக்கு ரெண்டு எடத்துலயும் காசு வாங்க முடியாது, அதனால நான் அங்க கேட்டிருக்கறது கைக்கு இல்ல, விபத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் அவங்க நடந்துகிட்ட விதத்துக்கு. ஆம்புலன்ஸ் நிக்காத மலை ரோட்டு ஈவென்ட், மலை ரோடு தெரியாத டிரைவர், அடிபட்டவங்க லிஸ்ட் கூட எடுக்காம அனுப்பி வெச்சது, எல்லாரும் பத்திரம்னு பொய் மெசேஜ்.

ஒரு பேப்பர் நீட்டுவாங்க. எனக்கு அஞ்சாயிரம் ரூபாயோட வந்துச்சு, வீட்டுக்கே வந்து பழக்கூடையோட உக்காந்து, "இது சும்மா எங்க அக்கவுண்ட்ஸுக்குங்க மேடம்"ன்னாரு. கீழ சின்ன எழுத்துல "முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை". எங்க மாமியா, படிப்பு அஞ்சாங்கிளாஸுதான், அத வாங்கி ரெண்டு தடவ படிச்சுட்டு "ஏந்தம்பி, கை ஒட்டறதுக்குள்ள தீர்வு எப்படிப்பா முடியும்"னு கேட்டாங்க. அவரு பழக்கூடைய மட்டும் வெச்சுட்டு கிளம்பிட்டாரு.

வக்கீல் ஃபீஸுக்கு பயப்படறவங்களுக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987ம் வருஷச் சட்டம். சேலத்துல அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, போன்னா 15100. ஆம்பளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு, கேட்டுப் பாத்துக்கங்க. ட்ரிப்யூனல் கேஸ் பலதும் லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, பேசி முடியுது, அதுல முடிச்சா சீக்கிரம் காசு வரும், ஆனா அவங்க சொல்ற முதல் தொகைக்கே தலையாட்டாதீங்க.

என் கேஸ்ல இன்சூரன்ஸ் வக்கீல் ஆஜராகிட்டாரு, அடுத்த வாய்தாவுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் குடுக்கணும். அன்னைக்கு அந்த பஸ்ல வந்து, கழுத்து வலி முதுகு வலின்னு தைலம் தேச்சுட்டு சும்மா இருக்கறவங்க யாராச்சும் இத படிச்சா, ஆறு மாசம் இன்னும் முடியல, எஃப்ஐஆர் நம்பர் என்கிட்ட இருக்கு, மெசேஜ் பண்ணுங்க.