காலை எடுக்கும் இடம்

வணக்கம். ஃபார்முலா இ என்ற மின்சாரக் கார் பந்தயம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மூன்று பந்தயங்களை முழுசாகப் பார்த்தேன். மனதுக்கு ஒட்டவில்லை. சத்தம் இல்லாதது பழகிவிடும். ஆனால் நேர்பாதையில் போகும்போதே ஓட்டுநர்கள் சார்ஜை மிச்சம் பிடிக்க ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார்கள். முதலிடத்தில் இருப்பவரே பின்னால் வருபவருக்கு வழிவிடுகிறார். முழு வேகத்தில் ஓட்டாததை எப்படிப் பந்தயம் என்பது? பேட்டரியின் குறையை மறைக்கத்தான் இத்தனை விதிகளோ என்று தோன்றுகிறது. இதற்கு உலக சாம்பியன்ஷிப் என்று பெயர் வேறு. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று பந்தயங்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. நீங்கள் கவனித்த எல்லாமே சரி. ஆனால் நீங்கள் குறையாகப் பார்க்கும் அந்த இடத்தில்தான், அதாவது ஓட்டுநர் காலை எடுக்கும் இடத்தில்தான், இந்தப் பந்தயத்தின் உயிர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்காகும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறன் 8 மடங்காகும். அப்படியென்றால் ஒரு நேர்பாதையின் கடைசி மீட்டர்களில் கூடும் வேகத்துக்குத்தான் மின்சாரம் மிக அதிகம் செலவாகிறது. அந்த வேகத்தையும் அடுத்த கணமே பிரேக் பிடித்து இழக்கப்போகிறோம். அங்கே சற்று முன்னதாகக் காலை எடுத்தால் இழக்கும் நேரம் மிகக் குறைவு, மிஞ்சும் மின்சாரம் கணிசமானது. அதையே வளைவிலிருந்து வெளியே வரும்போது செலவழித்தால் நேர்பாதை முழுக்கப் பலன் கிடைக்கும். எங்கே விடுவது, எங்கே மிதிப்பது, அதுவும் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு வரும்போது அவனுக்கு இடைவெளி கொடுக்காமல் எப்படி விடுவது? இதை ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு வளைவிலும் செய்தாக வேண்டும்.

அப்புறம், பிரேக் பிடிப்பதும் இங்கே ஒரு வருமானம். 2022-23 சீசனில் வந்த மூன்றாம் தலைமுறை கார் அதிகபட்சம் 350 கிலோவாட் திறனை வெளியே தந்தது; வேகம் குறைக்கும்போது 600 கிலோவாட் வரை பேட்டரிக்குத் திருப்பி எடுத்தது. பந்தயத்தில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இப்படித் திரும்பி வருவதுதான்.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் 2023 பிப்ரவரியில் நடந்த ஹைதராபாத் பந்தயத்தைப் பாருங்கள். கடைசிச் சுற்றுகளில் ழான்-எரிக் வெர்ன் முன்னே, நிக் கேசிடி பின்னே. கேசிடியிடம் மின்சாரம் கூடுதலாக இருந்தது. வெர்ன் இருப்பதை வைத்துக்கொண்டு, எங்கே தாக்குதல் வரும் என்று கணித்து அங்கே மட்டும் செலவழித்து, கடைசிவரை இடம் கொடுக்காமல் ஜெயித்தார். வேகத்தை மட்டும் பார்த்தால் அதில் எதுவுமே நடக்காதது போலிருக்கும். திரையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வரும் மின்சார சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இருக்கை நுனிக்கு வந்துவிடுவீர்கள்.

பேட்டரியின் குறையை மறைப்பது என்ற குற்றச்சாட்டு ஒரு காலத்தில் முழு உண்மை. 2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் தொடங்கியபோது ஒரு பேட்டரி பாதிப் பந்தயத்துக்குத்தான் தாங்கும். ஓட்டுநர் நடுவில் உள்ளே வந்து இறங்கி, இன்னொரு காரில் ஏறி ஓட்டினார். 2018-19 சீசனில் இரண்டாம் தலைமுறை கார் வந்ததும் அது முடிந்தது. இப்போது ஒரு தடத்துக்கு எவ்வளவு மின்சாரம், எத்தனை சுற்று என்பதை முன்கூட்டியே நிர்ணயிக்கிறார்கள், முழு வேகத்தில் ஓட்டினால் போதாத அளவில். இது போட்டிக்காக வைத்த வரம்பு. ஃபார்முலா ஒன்னிலும் 2010 முதல் நடுவில் எரிபொருள் நிரப்ப முடியாது. 2014-இல் பந்தயத்துக்கு 100 கிலோ என்று வரம்பும் வந்தது. அங்கேயும் காலை எடுத்து மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை 2021 வலென்சியா பந்தயம் காட்டியது. அப்போது பந்தயம் சுற்றுக் கணக்கில் அல்ல, நேரக் கணக்கில் நடந்தது. விபத்து நேர்ந்தால் எல்லோரையும் மெதுவாக வரவைக்கும் சேஃப்டி கார் வரும்போதெல்லாம் அனுமதித்த மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியாக முன்னணிக் கார் கோட்டைக் கடந்தபோது நேரம் முடியச் சில நொடிகள் மிச்சம் இருந்ததால் கூடுதலாக ஒரு சுற்று ஓட வேண்டியதாயிற்று. பல கார்கள் மின்சாரம் தீர்ந்து ஊர்ந்தன. மோசமான விதி அது. அடுத்த சீசனிலேயே மின்சாரத்தைக் குறைப்பதை விட்டுவிட்டு நேரத்தைக் கூட்டினார்கள், அதற்கடுத்த சீசனில் நேரக் கணக்கே போய்ச் சுற்றுக் கணக்கு வந்தது.

முதலிடத்தில் இருப்பவர் வழிவிடுவது பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கும் வருத்தம் உண்டு. முன்னால் போகிறவர்தான் காற்றை வெட்டுகிறார், பின்னால் வருகிறவர்கள் அவர் நிழலில் மிச்சம் பிடிக்கிறார்கள், சைக்கிள் பந்தயக் கூட்டம் போல. 2023-இல் போர்ட்லாந்தில் யாருமே முன்னால் இருக்க விரும்பவில்லை. முந்துதல்கள் குவிந்தன, ஆனால் முந்துவதற்கு மதிப்பில்லாமல் போனது. தடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு இது. நீண்ட நேர்பாதைகளும் பெரிய பிரேக்கிங் இடங்கள் குறைவாகவும் உள்ள தடத்தில் இப்படித்தான் ஆகும். அதேபோல ரசிகர்கள் வாக்களித்துச் சிலருக்குக் கூடுதல் திறன் தரும் ஃபேன்பூஸ்ட் என்ற ஏற்பாடு விளையாட்டுக்கே அவமானம் என்பது என் கருத்து. அது ஒழிந்தது நல்லது.

உலக சாம்பியன்ஷிப் தகுதியை சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு 2020-21 சீசனிலிருந்துதான் கொடுத்தது. பேட்டரியும் உடற்பகுதியும் எல்லோருக்கும் பொது, மோட்டார், பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், மென்பொருள் ஆகியவை அவரவர் சொந்தம். மின்சாரத்தை வீணாக்காமல் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் போட்டி அங்கேதான் நடக்கிறது. புகை இல்லாததால் லண்டனில் எக்செல் அரங்கின் கூரைக்கு உள்ளேயே தடத்தின் ஒரு பகுதியை அமைக்க முடிந்தது, அதையும் ஒருமுறை பாருங்கள்.

நான்காம் தலைமுறை கார் 600 கிலோவாட் வரை தரும். வேகம் கூடும், அதனால் காற்றின் செலவும் கூடும். ஆகவே காலை எடுப்பது நிற்கப்போவதில்லை. எந்த இடத்தில், யார் முதலில் எடுக்கிறார் என்பது இன்னும் கடுமையாகும் என்றே எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.